புது மானிட்டரில் வெளிச்சத் திட்டு... கோளாறு திரையிலா, கண்ணிலா?

ஆபீஸ் வீட்டுக்குள் வந்துவிட்ட காலம் இது. 2020-ல் கொரோனா வந்தபோது, தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக்கும், சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கத்து கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் தினமும் போய் வந்தவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் எத்தனையோ வீடுகளில் டைனிங் டேபிளின் ஓர் ஓரம் ஆபீஸ் ஆகிப்போனது. பலர் திரும்ப ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகும் அந்த டேபிளும் கம்ப்யூட்டரும் அப்படியே நிற்கின்றன. பகலில் அம்மாவுக்கு ஆபீஸ் வேலை, சாயங்காலம் பையனுக்குப் படிப்பு, ராத்திரி தாத்தாவுக்குப் பழைய சினிமா!

'லேப்டாப் திரை ரொம்பச் சின்னதா இருக்கு, கண்ணு வலிக்குது' என்று ஒரு பெரிய எல்.சி.டி. மானிட்டரை வாங்கி வைக்கிறீர்கள். இரண்டு நாள் ஜோராக இருக்கும். மூன்றாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும்போதுதான் சமாச்சாரம் தெரியும். நடுவில் கறுப்பு நன்றாக இருக்கிறது. கீழ் மூலையில் மட்டும் யாரோ டார்ச் அடித்த மாதிரி வெளுப்பு!

"ஏங்க, இந்த மூலை மட்டும் வெளுப்பாத் தெரியுதே?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே... நீ கண்ணாடி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

இதில் யார் சொல்வது சரி? யோசிக்காமல் முடிவு கட்டினால் இரண்டு பக்கமும் நஷ்டம்தான். கோளாறு மானிட்டரில் இருக்கும்போது கண்ணைக் குறை சொன்னால், தேவையில்லாமல் கண்ணாடி மாற்றுவீர்கள். அதற்குள் கடைக்காரர் கொடுத்த 'திருப்பித் தரும்' கெடுவும் முடிந்துபோகும். கோளாறு கண்ணில் இருக்கும்போது மானிட்டரைக் குறை சொன்னால் அது இன்னும் மோசம். மானிட்டரை மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மாற்ற முடியுமா?

நல்லவேளையாக, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்: 'இந்தத் திட்டு எதோடு சேர்ந்து நகர்கிறது?' கண்ணோடா, தலையோடா, அறையின் வெளிச்சத்தோடா, படத்தோடா, அல்லது எதோடும் நகராமல் ஒரே இடத்தில் சண்டித்தனமாக நிற்கிறதா? பதில் கிடைத்துவிட்டால், போகவேண்டியது கண் டாக்டரிடமா கடைக்கா என்பதும் தெரிந்துவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

முதலில் மானிட்டருக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம். எல்.சி.டி. என்றால் திரவப் படிகத் திரை. திரவம் மாதிரி ஓடும். ஆனால் படிகம் மாதிரி உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கும். இந்த விசித்திரத்தை 1888-ல் முதலில் கவனித்தவர் பிராக் நகரில் வேலை பார்த்த தாவரவியல் நிபுணர் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர். எதை ஆராய்ச்சி செய்யும்போது தெரியுமா? நாம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பயப்படுகிறோமே, அந்தக் கொலஸ்ட்ராலைத்தான்! கொலஸ்ட்ராலிலிருந்து செய்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது, அது ஒருமுறை உருகிக் கலங்கலாக நின்றது. மேலும் சூடாக்கிய பிறகுதான் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். அதை வைத்துத் திரை செய்து காட்டியது 1968-ல், அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி.

இந்தக் கதையில் நம்மவர் பங்கும் உண்டு. சர் சி.வி. ராமனின் மருமகன் முறை விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் தன் குழுவினரோடு 1977-ல் வட்டுப்போல் தட்டையான மூலக்கூறுகள் கொண்ட புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்தார். (1983-ல் நோபல் பரிசு வாங்கிய விண்வெளி விஞ்ஞானி சந்திரசேகர் வேறு, அவர் ராமனுக்கு அண்ணன் மகன்!) பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் தெளிவாகத் தெரிய, பிற்காலத்தில் மானிட்டர்களில் ஒட்டிய ஒருவகை ஃபிலிமுக்கு அந்த வட்டு மூலக்கூறு வகைதான் கைகொடுத்தது.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். திரவப் படிகம் தானாக ஒளி விடாது. அது ஜன்னல் கதவு மாதிரி. பின்னால் இருக்கும் வெளிச்சத்தை விடும், தடுக்கும், அவ்வளவுதான். முன்பு பின்னால் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. இப்போது எல்.ஈ.டி. விளக்குகள். பெரும்பாலான வீட்டு மானிட்டர்களில் இந்த விளக்குகள் திரை முழுக்கப் பரவி இருப்பதில்லை. ஏதோ ஒரு விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து வரும் ஒளியை ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு வாங்கி, திரை முழுக்கப் பரப்புகிறது. அதன்மேல் இரண்டு மூன்று மெல்லிய ஷீட்டுகள், அந்த ஒளியைச் சமன் செய்ய.

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிவது நடுவில். ஆனால் தோசை ஓரம் வரை சிவக்க வேண்டும். எவ்வளவு நல்ல கல்லானாலும் ஓரம் கொஞ்சம் வெளுப்பாகத்தானே இருக்கிறது? மானிட்டரும் அப்படித்தான். நல்ல மானிட்டரிலும் நடுவைவிட மூலைகளில் வெளிச்சம் 10, 15 சதவீதம் குறைவாக இருப்பது சகஜம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் நம் கண் அதைக் கண்டுகொள்வதே இல்லை. திடீரென்று கோடு போட்ட மாதிரி மாறினால்தான் உறுத்தும்.

இன்னொரு விஷயம். அந்த 'ஜன்னல் கதவு' ஒருபோதும் முழுசாகச் சாத்திக்கொள்வதில்லை. அதனால்தான் இருட்டறையில், கறுப்புப் படத்தில், எந்த எல்.சி.டி. திரையிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். கறுப்புப் படத்தில் தெரிகிற எல்லாமே கோளாறு ஆகிவிடாது.

சோதனைக்கு முன்னால்...

* பெட்டியைப் பிரித்த உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். மே மாத வெயிலில் வேனில் கொதித்து வந்த மானிட்டர் முதலில் அறைச் சூட்டுக்கு ஆறட்டும். பிறகு ஸ்விட்ச் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

* திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்பு பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டீர்களா? சிரிக்காதீர்கள். அது பாதி உரிந்து நிற்பதைக் 'கோளாறு' என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

* கம்ப்யூட்டரில் இருக்கும் 'பெயிண்ட்' புரோகிராமில் மூன்று படம் தயார் செய்யுங்கள். ஒன்று முழுக் கறுப்பு, ஒன்று நடுத்தரச் சாம்பல், ஒன்று முழு வெள்ளை. திரை முழுக்க நிரம்பும்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

* செல்போனில் போட்டோ எடுத்துப் பார்த்துப் பதற வேண்டாம். இருட்டில் செல்போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். நேரில் லேசாகத் தெரிவது போட்டோவில் தீப்பிடித்த மாதிரி தெரியும். கண்தான் நீதிபதி.

சோதனை 1: கண்ணோடு நகர்கிறதா?

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். சாம்பல் படத்தைப் போட்டு, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு மறு கண். அப்புறம் திரையை விட்டுவிட்டு எதிரே வெள்ளைச் சுவரையும் அதே மாதிரி பாருங்கள்.

ஒரு கண்ணால் பார்த்தால் திட்டு இருக்கிறது, மறு கண்ணால் பார்த்தால் இல்லை என்றாலோ, சுவரிலும் அதே இடத்தில் தெரிந்தாலோ மானிட்டர் பேரில் குற்றமில்லை. கண் டாக்டரைப் பாருங்கள்.

எல்லாமே பெரிய நோய் என்று அர்த்தமில்லை. கண்ணாடியில் கைரேகை படிந்திருக்கலாம். கண் உலர்ந்துபோயிருந்தால் பார்வை மங்கி, இமைத்தால் தெளியும். புரை ஆரம்பித்தால் விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரியும். சர்க்கரை ஏறி இறங்கினாலும் பார்வை மாறும். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பார்வை நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளவே கூடாது. திடீரென்று கண்முன் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, பார்வையின் ஒரு பக்கத்தில் திரைச்சீலை இறங்குவது போன்ற நிழல் - இவை விழித்திரை பிய்ந்து வருவதற்கான அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, நட்டநடுவில் எழுத்து மறைந்தாலோ அதையும் தள்ளிப் போடாதீர்கள்.

சோதனை 2: தலையோடு நகர்கிறதா?

இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்றால் அடுத்தது இது. உட்கார்ந்த இடத்திலேயே தலையை இடம் வலமாக நகர்த்துங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள். அப்புறம் இரண்டடி பின்னால் போய்ப் பாருங்கள். திட்டு மாறுகிறதா, நகர்கிறதா, மறைகிறதா? அப்படியானால் அது பார்க்கும் கோணத்தின் விளையாட்டு.

விலை குறைந்த பல மானிட்டர்களில் இருக்கும் டி.என். வகைத் திரையைக் கீழேயிருந்து பார்த்தால் இருட்டும். மேலேயிருந்து பார்த்தால் வெளுக்கும். திரைக்கு நேராக உட்கார்ந்தாலும், அதன் மேல் விளிம்பை நம் கண் சற்றே கீழிருந்துதானே பார்க்கிறது? அதனால் மேலே மங்கலாகவும் கீழே வெளுப்பாகவும் தெரியும். மானிட்டருக்கு அடியில் தடித்தடி புத்தகமாக அடுக்கி உயரத்தில் வைத்துவிட்டால் இது இன்னும் அதிகமாகும். ஐ.பி.எஸ். வகைத் திரையில் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் கறுப்புப் படத்தில் மூலைகளில் ஒரு மினுமினுப்பு தெரியும். தள்ளிப் போனால் குறையும். அது அந்த வகையின் சுபாவம்.

வைத்தியம் சுலபம். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ, கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். கையை நீட்டினால் விரல் நுனி தொடுகிற தூரம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர். அடிப்பக்கத்தைத் தாங்கும் ஸ்டாண்டைச் சாய்த்து, திரை உங்கள் முகத்தை நேராகப் பார்க்கும்படி வையுங்கள்.

பைஃபோகல், புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருக்கும் நாற்பது தாண்டியவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிட்டப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இருப்பதால், தன்னையறியாமல் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பீர்கள். விளைவு - கழுத்து வலி, தோள் வலி, பின்மண்டையில் இறுக்கம். மானிட்டரை இன்னும் சற்றுத் தாழ்த்துங்கள். தினமும் பல மணி நேரம் வேலை என்றால், கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

சோதனை 3: அறை வெளிச்சத்தோடு நகர்கிறதா?

காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் வேறு பக்கம் திட்டு தெரிகிறதா? ஜன்னலைப் பாருங்கள். திரையை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என்னென்ன பிரதிபலிக்கிறது என்று கவனியுங்கள். ட்யூப்லைட், பால்கனிக் கதவு, எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்... எல்லாம் ஆஜராகும்!

புறநகர் ஃபிளாட்டுகளில் ஹாலுக்கு ஒரே ஒரு பெரிய ஜன்னல்தான் இருக்கும். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் விழுந்து வெளுக்கும். திரைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் கண் கூசி, திரை இருட்டாகத் தெரியும். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரும்படி டேபிளைத் திருப்பிப் போடுங்கள். வாடகை வீடானாலும் டேபிளைத் திருப்ப ஹவுஸ் ஓனர் பர்மிஷன் வேண்டாம்!

சோதனை 4: படத்தோடு நகர்கிறதா?

கம்ப்யூட்டரிலேயே 'ஸ்கிரீன் ஷாட்' எடுத்து அதைச் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் திட்டு தெரிந்தால் அது படத்தில் உள்ள குறை. இன்னொரு வழி, செட்டிங்கில் படத்தைத் தலைகீழாகத் திருப்புவது. திட்டும் கூடவே திரும்பி எதிர் மூலைக்குப் போனால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

திட்டு அங்கேயே இருக்கிறது, ஆனால் திரை முழுக்கத் தானாகப் பளிச்சென்றும் மங்கலாகவும் மாறுகிறது என்றால், மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள். 'டைனமிக் கான்ட்ராஸ்ட்', 'ஈகோ', தானியங்கி வெளிச்சம் போன்றவை ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். வந்த நாளிலேயே யாரோ எதையோ அழுத்தியிருந்தால், 'ரீசெட்' கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சிலர், "எங்க ஏரியாவுல வோல்ட்டேஜ் ஏறி இறங்குது, அதனாலதான் மூலை வெளுத்துப்போச்சு" என்பார்கள். பெரும்பாலான மானிட்டர்களின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் வாங்கிச் சமன் செய்துகொள்ளும். அதன்மேலேயே அச்சடித்திருக்கும், பாருங்கள். பக்கத்து வீட்டு மோட்டார் போடும்போதெல்லாம் திரை முழுக்க அணைந்து எரிந்தால் பிளக், அடாப்டர், வயரிங் இவற்றைச் சந்தேகப்படலாம். ஒரே மூலையில் நிரந்தரமாக நிற்கும் திட்டுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை.

சோதனை 5: எதோடும் நகரவில்லையா?

கண்ணை மூடித் திறந்தாச்சு, தலையை ஆட்டியாச்சு, டேபிளைத் திருப்பியாச்சு, படத்தையும் புரட்டியாச்சு. திட்டு மட்டும் அதே மூலையில், அதே அளவில்! அப்படியானால் குறை திரைக்குள்ளேதான். மானிட்டர் தொழிற்சாலைகளில் இந்த மாதிரித் திட்டுக்கு ஜப்பானிய மொழியிலிருந்து வந்த 'முரா' என்ற பெயர் வழங்குகிறது. சமமில்லாமை என்று பொருள்.

ஏன் வருகிறது? திரவப் படிகம் நிற்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சட்டம் ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்தாலும், வழியில் பெட்டி கீழே விழுந்து அழுந்தினாலும் அந்த இடைவெளி மாறி, ஒளி கசியும். சூட்டிலும் ஈரத்திலும் உள்ளே இருக்கும் ஷீட்டுகள் நெளிந்தாலும் மேகம் போன்ற திட்டுகள் வரும். சுவரில் மாட்டியபோது, கூட வந்த ஸ்க்ரூவுக்குப் பதில் நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முறுக்கியிருந்தாலும் பின்பக்கம் அழுந்தும். அதை மட்டும் நீங்களே தளர்த்திப் பார்க்கலாம்.

சரி, எதைப் பொறுத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது? இந்த அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக வேலை பார்க்கும் அறை வெளிச்சத்தில், வழக்கமான பிரைட்னஸில், வெள்ளை அல்லது சாம்பல் படத்தில் திட்டு தெரிந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். திரையில் பட்டையாக ஒரு பக்கம் இருண்டிருந்தாலோ, பாதித் திரை மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் இருந்தாலோ விவாதமே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும்.

கும்மிருட்டில், முழுக் கறுப்பில், பிரைட்னஸை உச்சத்தில் வைத்தால் மட்டும் லேசாகத் தெரிகிறதா? அதோடு வாழப் பழகலாம். பிரைட்னஸைக் குறையுங்கள், மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். கசிவு பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கண்ணுக்கும் இதம்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்!

* திட்டு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். இடைவெளி மேலும் கெட்டு, நிரந்தரத் தழும்பாகலாம்.

* பின்பக்கத்தை நீங்களோ, பக்கத்துக் கடைப் பையனோ பிரிக்கக் கூடாது. வாரண்டி போய்விடும். உள்ளே ஒரு தூசி புகுந்தால்கூடப் புது முராதான்!

* திரையில் நேராகத் தண்ணீரோ, கண்ணாடி துடைக்கும் திரவமோ தெளிக்காதீர்கள். கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். மென்மையான துணியை லேசாக ஈரப்படுத்தித் துடைத்தால் போதும்.

* வீடு மாறும்போது மானிட்டரைப் படுக்கவைத்து, மேலே குக்கரும் தலையணையும் ஏற்றாதீர்கள். பழைய பெட்டியிலேயே நிற்கவைத்து எடுத்துப் போங்கள். அதற்காகவே பெட்டியையும் தெர்மோகோலையும் பரணில் போட்டு வையுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால்?

ரிச்சி தெருவிலோ, தாம்பரம், வேளச்சேரி கடைகளிலோ நேரில் வாங்கினால், பில் போடுவதற்கு முன்பே அங்கேயே பிரித்து, கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூச்சமே வேண்டாம். புடவை வாங்கும்போது முந்தானையைப் பிரித்துப் பார்ப்பதில்லையா? ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துவிட்டு, அன்று ராத்திரியே மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வாரண்டி கார்டையும் படியுங்கள். ஒன்றிரண்டு செத்த புள்ளிகளையும், சிறு கசிவையும் கோளாறாகக் கருத மாட்டோம் என்று சில கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாங்கும் முன் தெரிந்துகொண்டால் பின்னால் வாக்குவாதம் மிச்சம்.

வெள்ளைப் படத்திலேயே தெரியும் கோளாறுக்கும் 'இது சகஜம் சார்' என்று அலைக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம், பல்லாவரம்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். வேளச்சேரி, சோழிங்கநல்லூர்காரர்களுக்குச் சென்னை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி கார்டு, கம்பெனிக்கு அனுப்பிய ஈமெயில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

நல்ல திரையானாலும் கண் வலிக்கிறதே!

இதையும் சொல்லிவிட வேண்டும். திரையில் திட்டே இல்லாத வீடுகளிலும் சாயங்காலமானால் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது என்கிறார்கள். ஏன்?

முதல் காரணம், நாம் இமைப்பதையே மறந்துவிடுகிறோம். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கும் கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிகிறது. போதாக்குறைக்கு முகத்துக்கு நேராக டேபிள் ஃபேன் அல்லது ஏ.சி. காற்று வேறு! காற்றைத் திருப்பி விடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது, 20 விநாடி பாருங்கள். பால்கனியிலிருந்து எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தாலும் சரிதான்.

இரண்டாவது, பிரைட்னஸ். புது மானிட்டர்கள் கடையில் பளிச்சென்று தெரிவதற்காக உச்சத்தில் வைக்கப்பட்டே வரலாம். ஒரு வெள்ளைப் பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையின் வெள்ளை விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம். அழுக்கு வேட்டி மாதிரி தெரிந்தால் குறைவு. பேப்பரும் திரையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. சில மானிட்டர்களில் பிரைட்னஸைக் குறைத்தால், விளக்கு மிக வேகமாக அணைந்து அணைந்து எரியும். சிலருக்கு இதனால் தலைவலி வருவதுண்டு. வெள்ளைப் படத்துக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக விசிறிப் பாருங்கள். தொடர்ச்சியான மங்கல் தெரிந்தால் பரவாயில்லை. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் துடிப்பு இருக்கிறது. பிரைட்னஸை ஏற்றி வைத்து, மெனுவில் கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். தலைவலி குறையவில்லை என்றால், துடிப்பில்லாத வேறு மாடலுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

'புளூ கட்' கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2023-ல் வெளியிட்ட அலசலில், குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைக்க அதனால் பெரிய பலன் தெரியவில்லை. அந்தப் பணத்தில் நல்ல நாற்காலி வாங்குங்கள்!

குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பையன் திரைக்கு மிக அருகில் போய் உட்காருகிறான், தலையைச் சாய்த்தே பார்க்கிறான், ஒரு கண்ணைச் சுருக்குகிறான் என்றால், 'மானிட்டர் சரியில்லை' என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குத் தன் பார்வை குறைவது தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். நாம்தான் கவனித்து அழைத்துப் போக வேண்டும்.

ஆக, இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, ஒரு கண், மறு கண் என்று பார்க்கச் சொல்லுங்கள். மானிட்டரைச் சோதித்த மாதிரியும் ஆச்சு, தாத்தா முதல் பேரன் வரை எல்லோர் கண்ணையும் ஒருமுறை விசாரித்த மாதிரியும் ஆச்சு. திட்டு திரையில் என்றால் காலையில் கடைக்குப் போன் போடுங்கள். கண்ணில் என்றால், கடைக்கு முன்னால் டாக்டருக்கு!